மலைச்சரிவில் சின்ன டிராக்டர்

 

இன்றைய பேச்சு ஒரு சின்ன இயந்திரத்தைப் பற்றியது. சமவெளியில் அது சாதுவான மாடு போல உழும். மலைச்சரிவில் அதே இயந்திரம் மிரண்ட மாடு போல ஆகிவிடும். ஏன் அப்படி ஆகிறது? அதை எப்படி அடக்கி ஓட்டுவது? இவை இரண்டும் தெரிந்தால் உயிரும் பிழைக்கும், எஞ்சினும் பிழைக்கும்.

நம் நாட்டில் மலையும் சரிவும் நிறைய உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டங்கள் உண்டு. உத்தராகண்டில் கேழ்வரகும் நெல்லும் விளையும் படிக்கட்டு வயல்கள் உண்டு. சிக்கிம், மேகாலயா, நாகாலாந்து எல்லாமே மலைநாடு. தெற்கே நீலகிரியில் உருளைக்கிழங்கும் காரட்டும் சரிவில்தான் விளைகின்றன.

இந்த இடங்களில் பெரிய டிராக்டர் போக வழி இல்லை. படிக்கட்டு வயல் சில அடி அகலம்தான் இருக்கும். முன்பு அங்கே மாடு கட்டி உழுதார்கள். மாடு இல்லாதவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். 1960-களில் ஜப்பானிலிருந்து பவர் டில்லர் நம் நாட்டுக்கு வந்தது. அது இரண்டு சக்கர டிராக்டர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே ஓட்டலாம். அதில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பிறகு நான்கு சக்கரம் உள்ள சின்ன டிராக்டர்களும் வந்தன. களை எடுக்கும் சிறு இயந்திரங்களும் வந்தன.

இயந்திரம் வந்தது நல்லதுதான். ஆனால் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள்?

ஒரு மாலை நேரம்

உத்தராகண்டில் ஒரு மலைக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பல வீடுகளில் ஆண்கள் வேலை தேடிச் சமவெளிக்குப் போய்விடுவார்கள். வயல் வேலையின் பாரம் பெண்கள் தலையில்தான். அப்படி ஒரு வீடு. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். வீட்டில் அண்ணியும், கணவரின் தம்பியும் இருக்கிறார்கள். கடன் வாங்கி ஒரு பவர் டில்லர் வாங்கினார்கள். இன்னும் தவணை முடியவில்லை.

தம்பி நன்றாக ஓட்டுவான். வயலில் ஒரு நாளும் தவறு செய்ததில்லை. அன்று மழை பெய்து ஓய்ந்த மாலை. மேல் வயலில் வேலை முடிந்தது. கீழ் வயலுக்கு இறங்க வேண்டும். வழி ஒடுக்கமானது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலைச்சுவர்.

பள்ளத்தின் பக்கம் இயந்திரம் சற்றே ஒதுங்கியது. இடது பக்கம் திருப்பவேண்டும் என்று தம்பி நினைத்தான். இடது கைப்பிடியில் உள்ள திருப்பும் கிளட்சைப் பிடித்தான். வயலில் எப்போதும் செய்வது போலத்தான் செய்தான்.

இயந்திரம் இடது பக்கம் திரும்பவில்லை. வலது பக்கம், பள்ளத்தை நோக்கித் திரும்பியது! அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். இன்னும் வேகமாக வலது பக்கமே போனது.

“விட்டுடு தம்பி, விட்டுடு!” என்று அண்ணி கத்தினாள்.

அவன் கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தான். இயந்திரம் உருண்டு கீழ் வயலில் போய் விழுந்தது. தம்பிக்குக் கையில் எலும்பு முறிவு. உயிர் தப்பியது. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தால்?

ஊரார் பலவிதமாகப் பேசினார்கள். “இயந்திரத்தில் கோளாறு” என்றார் ஒருவர். “கண் திருஷ்டி” என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. இயந்திரம் அதன் இயல்புப்படிதான் நடந்தது.

ஏன் எதிர்ப்பக்கம் திரும்பியது?

பவர் டில்லரில் இரண்டு கைப்பிடியிலும் திருப்பும் கிளட்ச் இருக்கும். இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகும்.

சமதரையில் சக்கரங்களை எஞ்சின் தள்ளுகிறது. இடது சக்கரத்துக்குத் தள்ளுதல் நின்றால் அது பின்தங்கும். வலது சக்கரம் முன்னே போகும். அதனால் இயந்திரம் இடது பக்கம் திரும்பும்.

இறக்கத்தில் கதை மாறுகிறது. அங்கே இயந்திரத்தின் எடையே அதைக் கீழே இழுக்கிறது. சக்கரங்களை எஞ்சின் தள்ளுவதில்லை. ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இப்போது இடது கிளட்சைப் பிடித்தால் என்ன ஆகும்? இடது சக்கரத்தின் பிடி விட்டுப்போகும். அது தடையின்றி உருண்டு முன்னே ஓடும். வலது சக்கரம் பிடியில் இருப்பதால் மெதுவாகப் போகும். அதனால் இயந்திரம் வலது பக்கம் திரும்பும்.

இரண்டு மாடு பூட்டிய வண்டி இறக்கத்தில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடும் வண்டியைத் தாங்கிப் பிடிக்கின்றன. இடது மாடு தாங்குவதை விட்டுவிட்டால் வண்டியின் இடது பக்கம் முன்னே பாயும். இதுவும் அப்படித்தான்.

ஆகவே செங்குத்தான இறக்கத்தில் திருப்பும் கிளட்சைத் தொடக் கூடாது. மிக மெதுவான கியரில் இறங்க வேண்டும். கைப்பிடியையே உடல் பலத்தால் மெல்லத் தள்ளித் திருப்ப வேண்டும். இரண்டு கிளட்சையும் சேர்த்துப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் இரண்டு சக்கரமும் விடுபட்டு இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஏறும்போது வேறு ஆபத்து. இயந்திரம் மேலே இருக்கிறது, ஓட்டுபவர் கீழே இருக்கிறார். நடுவழியில் முக்கிய கிளட்ச் எஞ்சினின் தொடர்பைத் துண்டித்தால் இயந்திரம் அவர் மீதே உருண்டு வரும். அதனால் ஏற்றத்துக்கு முன்பே சரியான கியரைப் போட வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது.

பின்னோக்கி ஓட்டும்போதும் கவனம் வேண்டும். கைப்பிடி திடீரென்று மேலே எழும்பும். பின்னால் சுவரோ மரமோ இருந்தால் நடுவில் ஆள் நசுங்கிவிடுவார். பின்னே போகும் முன் சுழலும் கத்திகளை நிறுத்துங்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள்.

எஞ்சினுக்குள் ஒரு குளம்

அடுத்து எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். சமமாக வைத்தால் தண்ணீர் எல்லா இடமும் பரவி நிற்கும். ஒரு பக்கம் தூக்குங்கள். தண்ணீர் மறுபக்கம் ஓடிவிடும். தூக்கிய பக்கம் காய்ந்துவிடும்.

எஞ்சினின் அடியிலும் இப்படி ஒரு குளம் இருக்கிறது. அதில் இருப்பது ஆயில். உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு வேகமாகச் சுழல்கின்றன. அவற்றுக்கு நடுவில் மெல்லிய ஏடு போல ஆயில் இருக்க வேண்டும். அந்த ஏடு இல்லாவிட்டால் இரும்பு சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்பார்கள்.

குளத்து ஆயில் மேலே போக இரண்டு வழிகள் உண்டு. சில சிறு எஞ்சின்களில் சுழலும் பாகத்தில் ஒரு சின்ன அகப்பை இருக்கும். அது ஆயிலை வாரி இறைக்கும். மற்ற எஞ்சின்களில் ஒரு பம்பு குழாய் மூலம் ஆயிலை உறிஞ்சி அனுப்பும்.

எஞ்சின் அதிகமாகச் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். அகப்பைக்கு ஆயில் எட்டாது. குழாய் வாயில் ஆயிலுக்குப் பதில் காற்றுதான் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் நன்றாகவே ஓடும். உள்ளே அது தாகத்தில் தவிக்கும்.

எவ்வளவு சாயலாம்? இதை அந்தந்த எஞ்சினின் கையேடு சொல்லும். பல சிறு எஞ்சின்களுக்கு 20 டிகிரி என்று எல்லை போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு அது கூடும், சிலவற்றுக்குக் குறையும். உங்கள் கையேட்டில் இருக்கும் எண்தான் உங்களுக்குக் கணக்கு.

பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மட்டும் இந்தக் குளம் கிடையாது. தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரங்களில் அந்த வகை உண்டு. அதனால்தான் அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடுகிறது.

ஆயில் அளவு பார்ப்பது எப்படி?

இயந்திரத்தைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் குச்சி பொய் சொல்லும். எஞ்சினை அணைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மேலே போன ஆயில் கீழே இறங்கட்டும். குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். சரிவு வேலைக்குப் போகும்போது ஆயில் மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

“சரிவில் போகிறோமே, மேல் கோட்டுக்கு மேலும் கொஞ்சம் ஊற்றிவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். ஊற்றக் கூடாது. சுழலும் பாகம் ஆயிலில் அடித்து நுரை வரும். நுரை ஆயிலின் வேலையைச் செய்யாது. மிஞ்சிய ஆயில் காற்றுப் போகும் வழியில் ஏறி எஞ்சினுக்குள் போகவும் கூடும். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து வெறி பிடித்தது போல ஓடும். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது.

சில இயந்திரங்களில் காற்று வடிகட்டியிலும் ஆயில் ஊற்றுவது உண்டு. அங்கேயும் குறித்த அளவுதான் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றிவிட்டுச் சரிவில் சாய்த்தால் அந்த ஆயிலும் எஞ்சினுக்குள் போய்விடும்.

ஆயில் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு உள்ள டிராக்டரில் அந்த விளக்கு எரிந்தால் வேலையைத் தொடரக் கூடாது. பிரேக் போட்டு நிறுத்துங்கள். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். “இன்னும் இரண்டு சால்தானே” என்று ஓட்டினால் எஞ்சின் போய்விடும்.

டீசல், தண்ணீர், காற்று

டீசல் டேங்கும் ஒரு குளம்தான். டீசல் குறைவாக இருக்கும்போது இயந்திரம் சாய்ந்தால் குழாய்க்குள் காற்று புகும். எஞ்சின் நடுச்சரிவில் நின்றுவிடும். காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி கிளம்பும். ஆகவே சரிவுக்குப் போகும் முன் டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம். சாயும்போது மூடி வழியாகக் கசிந்து சூடான புகைக்குழாய் மேல் விழும்.

டீசல் ஊற்றும்போது எஞ்சின் நின்று ஆறியிருக்க வேண்டும். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக் கூடாது.

தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் எஞ்சினில் தினமும் தண்ணீர் அளவைப் பாருங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

உயரமான மலையில் காற்று மெலிந்திருக்கும். அதனால் சாதாரண எஞ்சினின் பலம் குறையும். 1,000 மீட்டர் ஏறினால் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். சிம்லா நகரம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் இழுத்த பாரத்தை அங்கே அதே எஞ்சின் இழுக்கத் திணறும். கரும்புகை விடும். பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

சரிவை அளக்க ஒரு குச்சி

சரிவு எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. பழகிய கண்ணுக்குச் செங்குத்தும் சமமாகத் தெரியும். அளப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு.

நேரான ஒரு குச்சி வேண்டும். நீளம் சரியாக 100 செ.மீ. இருக்கட்டும். ஒரு முனையைத் தரையில் வையுங்கள். மறுமுனையைப் பள்ளத்தின் பக்கம் நீட்டிப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள சின்ன பாட்டிலைக் குச்சியின் மேல் படுக்க வையுங்கள். பாட்டில் நெடுகத் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் குச்சி சமமாக இருக்கிறது என்று பொருள். இப்போது நீட்டிய முனையிலிருந்து கீழே தரை வரை எத்தனை செ.மீ. என்று அளந்து பாருங்கள்.

18 செ.மீ. என்றால் சரிவு சுமார் 10 டிகிரி.
27 செ.மீ. என்றால் சுமார் 15 டிகிரி.
36 செ.மீ. என்றால் சுமார் 20 டிகிரி.

இந்த மூன்று எண்களையும் குச்சியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு சின்ன டிராக்டரின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் 100 செ.மீ. இடைவெளி. அது 10 டிகிரி சரிவில் குறுக்காகப் போகிறது. மேல் பக்கத்துச் சக்கரம் 18 செ.மீ. உயரமுள்ள கல்லில் ஏறுகிறது. அப்போது சாய்வு எவ்வளவு? 18-உம் 18-உம் 36. அதாவது ஏறக்குறைய 20 டிகிரி! ஒரே ஒரு கல் சரிவை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டது. கீழ் பக்கத்துச் சக்கரம் குழியில் இறங்கினாலும் இதே கதைதான்.

அதனால் ஓட்டும் முன் வழியை நடந்து பாருங்கள். கல்லைப் பொறுக்குங்கள். குழியை மூடுங்கள். மழையில் இளகிய விளிம்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள். படிக்கட்டு வயல் சமமாகத்தான் இருக்கும். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும் வழிதான் சரிவு. பயமில்லாமல் உழுதவர்கள் வழியில்தான் ஏமாறுகிறார்கள்.

டிராக்டர் ஏன் கவிழ்கிறது?

நான்கு சக்கர டிராக்டர் இரண்டு விதமாகக் கவிழும்.

ஒன்று, பக்கவாட்டில் கவிழ்வது. சரிவில் குறுக்காகப் போகும்போதும் வேகமாகத் திரும்பும்போதும் இது நடக்கும். வேகம் இரண்டு மடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி நேராக இறங்குவதே நல்லது. திரும்ப வேண்டும் என்றால் மெதுவாக, பள்ளத்துக்குத் தள்ளி, சமமான இடத்தில் திரும்புங்கள். பாரத்தை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டியால் இணைத்து விடுங்கள். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் திடீரென்று ஒரு பக்கம் சுழலும்.

இரண்டு, பின்பக்கமாகக் கவிழ்வது. செங்குத்தான ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தூக்கும். மரத்தூரை இழுப்பதற்காகச் சங்கிலியை உயரமான இடத்தில் கட்டினாலும் தூக்கும். டிராக்டர் அப்படியே மல்லாந்து ஓட்டுபவர் மீது விழும். இதற்கு ஒன்றரை வினாடியே போதும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. இழுவைப் பாரத்தைக் கையேடு காட்டும் கீழ்க் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும்.

கவிழ்ந்தாலும் உயிர் காக்க ஒரு வழி உண்டு. ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் உறுதியான இரும்புச் சட்டம் பொருத்துவார்கள். டிராக்டர் கவிழ்ந்தால் அந்தச் சட்டம் எடையைத் தாங்கும். ஸ்வீடன் நாட்டில் 1959-ல் புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டம் கட்டாயம் ஆனது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது மிகவும் குறைந்தது. சட்டம் இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். இல்லாவிட்டால் கவிழும்போது ஆள் வெளியே விழுந்து சட்டத்துக்கு அடியிலேயே சிக்கிக்கொள்ளலாம். சட்டம் இல்லாத டிராக்டரைச் சரிவுக்கு அழைக்காமல் இருப்பதே மேல்.

இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம்

“இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்” என்று சிலர் நினைக்கிறார்கள். இது உயிரைக் குடிக்கும் சிக்கனம். நியூட்ரலில் எஞ்சினின் பிடி இல்லை. எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் இருந்தால் அது டிராக்டரையே தள்ளிக்கொண்டு போகும்.

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியர். இறங்கத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். நடு இறக்கத்தில் கிளட்சை மிதிக்கக் கூடாது.

மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிரெய்லரில் போய் உயிர் விட்டவர்கள் பலர்.

நிறுத்தும் முறை

கூடிய வரை சமமான இடத்தில் நிறுத்துங்கள். சரிவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் கலப்பையைத் தரையில் இறக்குங்கள். கை பிரேக் போடுங்கள். எஞ்சினை அணைத்துக் கியரில் விடுங்கள். சக்கரத்தின் பள்ளத்துப் பக்கம் முட்டுக்கட்டை வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். குழந்தைகள் ஏறி விளையாடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். இயந்திரத்துக்குக் கீழே, பள்ளத்தின் பக்கம் யாரும் உட்காரவோ வேலை செய்யவோ கூடாது.

தொங்கும் துண்டு, முந்தானை, தளர்ந்த வேட்டி, பின்னாத கூந்தல் எதுவும் ஓடும் பெல்ட்டிடமும் சுழலும் தண்டிடமும் போகக் கூடாது. ஒரு நொடியில் உள்ளே இழுத்துவிடும்.

தனியாகச் சரிவுக்குப் போகாதீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். விபத்து நேர்ந்தால் 112 அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள். கவிழ்ந்த இயந்திரத்தை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். அது மறுபடி சரிந்து, காப்பாற்றப் போனவரையும் நசுக்கும்.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

பண்ணை இயந்திரங்களை ஓட்டவும் பராமரிக்கவும் மத்திய அரசின் பயிற்சி நிலையங்கள் உள்ளன. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் 1955-ல் ஒன்று தொடங்கியது. அரியானாவில் ஹிசார், ஆந்திராவில் கார்லதின்னே, அசாமில் விஸ்வநாத் சாரியாலி ஆகிய ஊர்களிலும் உண்டு. தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் அவை இருக்கின்றன.

அண்ணி எழுதிய காகிதம்

அந்த உத்தராகண்ட் குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை.

கீழே விழுந்த இயந்திரத்தை ஊரார் சேர்ந்து மேலே ஏற்றினார்கள். பழுது பார்க்கச் செலவானது. தம்பியின் கை குணமாக வேண்டும். அதுவரை வயலை யார் உழுவது?

அண்ணி முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள். இயந்திரத்தோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பரணில் கிடந்தது. அவள் அதை இறக்கினாள். இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சில பக்கங்கள் புரியவில்லை. படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். நான்காம் நாள் ஒரு வரியில் அவள் விரல் நின்றது. செங்குத்தான இறக்கத்தில் திருப்பும் கிளட்ச் எதிர்ப்பக்கம் வேலை செய்யும் என்று அங்கே எழுதியிருந்தது.

“தம்பி, இங்கே வா. இதைப் படி” என்றாள்.

அவன் படித்தான். திரும்பவும் படித்தான். “இது வாங்கிய நாளிலிருந்து வீட்டிலேயே இருந்திருக்கிறது, அண்ணி” என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

மறுநாள் அண்ணி ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள். அவள் எழுதியது இதுதான்.

1. சமதரையில் ஆயில் பார். மேல் கோடு வரை மட்டும்.
2. டீசல் பாதிக்கு மேல்.
3. வழியை நடந்து பார். குச்சியால் அள.
4. இறங்கும் முன் சின்ன கியர். நியூட்ரல் வேண்டாம்.
5. இறக்கத்தில் திருப்பும் கிளட்சைத் தொடாதே.
6. நிறுத்தினால் முட்டுக்கட்டை வை.
7. கை மீறிப் போனால் இயந்திரத்தை விடு. உயிரைப் பிடி.

தம்பியின் கை குணமாகும் வரை அண்ணியே டில்லர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் சமமான வயலில் ஓட்டினாள். பிறகுதான் வழியில் இறக்கினாள். இப்போது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்தக் கொட்டகைக்கு வந்து காகிதத்தைப் படித்துவிட்டுப் போகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அண்ணி படித்துக் காட்டுகிறாள்.

பெருமக்களே! உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு இயந்திரம் இருக்கும். அது டில்லராக இருக்கலாம், பம்பு செட்டாக இருக்கலாம், மருந்து அடிக்கும் கருவியாக இருக்கலாம். அதோடு வந்த புத்தகம் எங்கே இருக்கிறது? இன்று இரவே அதைத் தேடி எடுங்கள். ஒரு பக்கம் படியுங்கள். புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி உங்கள் வீட்டு உயிருக்காகவே எழுதப்பட்டிருக்கலாம்.